பத்து நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்

("நாடு நாடாகச் சுற்றும் நட்சத்திரப் பாடகர்களால் உள்ளூர்ப் பாடகர்களுக்கு வாழ்வா, தாழ்வா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், 'தாழ்வே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை கையில் கணக்கோடு வந்திருந்தார். 2024 மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் நம் தேசிய விளையாட்டரங்கத்தில் ஆறு இரவுகள் பாடினார், 300,000க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன என்றார். "அவர்கள் வந்தால் ஹோட்டல்காரருக்கு வருமானம், டாக்சிக்காரருக்கு வருமானம். நாடு செழித்தால் உள்ளூர்ப் பாடகரும் செழிப்பார்" என்றார். எங்கள் அணித் தலைவர் விடுவாரா? "யானை நடக்கும் பாதையில் எறும்பின் கதி என்ன என்று எறும்பைக் கேளுங்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

என் அணித் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. யானையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு அணியும் மேடையில் நிற்பவரைப் பற்றியே பேசினீர்கள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாருமே பேசவில்லை. தாழ்வு வருவது அவரால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். முதல் குற்றவாளியாக என்னையே கூண்டில் ஏற்றப் போகிறேன்.

கேசட் கடைச் சட்டம்

1988லிருந்து 14 ஆண்டுகள் தேக்காவில், கேம்பல் லேன் பக்கம், ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். அப்போது சிராங்கூன் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடையைத் தாண்டுகிறோம் என்று சொல்லிவிடலாம். மல்லிகை மணம் வந்தால் பூக்கடை. மிளகாய் நெடி வந்தால் மாவு மில். பேசுவது காதில் விழவில்லை என்றால் கேசட் கடை! (சிரிப்பு)

எங்கள் முதலாளியிடம் ஒரு சட்டம் உண்டு. புதுப் படத்தின் கேசட் வந்துவிட்டால், பத்து நாளைக்குத் தினமும் அதைப் போட வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் சரி, போட வேண்டும். பத்து நாளுக்குப் பிறகுதான் நல்ல பாட்டா இல்லையா என்ற பேச்சு.

1992ல் 'ரோஜா' வந்தது. இசையமைப்பாளர் பெயர் புதிது. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் முதல் நாளே, "என்னப்பா இது, தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு? எம்எஸ்வியப் போடுப்பா" என்றார். நான் கேசட்டை மாற்றக் கையை நீட்டினேன். முதலாளி என் கையைத் தட்டிவிட்டார். நான்காம் நாள் அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் நாள் அவர் விரல் கண்ணாடிப் பெட்டியின் மேல் தாளம் போட்டது. பதினோராம் நாள் வந்து இரண்டு கேசட் வாங்கினார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று மகன் காருக்கு.

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: "தம்பி, காது ஒரு சோம்பேறி. தெரிஞ்சவங்க வந்தாத்தான் கதவத் திறக்கும். பத்து நாள் தட்டிக்கிட்டே இருந்தா தெரியாதவனும் தெரிஞ்சவனாயிடுவான்."

படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய விஷயத்தை அவர் கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றுவது எதற்கு?

ஒரு பாடகர் நாடு நாடாக ஏன் சுற்றுகிறார்? அவர் செய்வதும் கதவைத் தட்டும் வேலைதான். புதிதாக ஓர் ஆல்பம் போடுகிறார். அதில் உள்ள பாட்டுகளை ஒவ்வோர் ஊர்க் காதுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்படுகிறார்.

மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பம் 1991 நவம்பரில் வந்தது. 1992 ஜூனில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயணத்தைத் தொடங்கினார். ஐரோப்பா, ஜப்பான், பாங்காக் என்று சுற்றி, 1993 ஆகஸ்ட் 29ஆம் தேதி நம் காலாங் பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் பாடினார். அன்று அவருக்கு 35வது பிறந்தநாள். டிக்கெட் வாங்க என்னிடம் காசு இல்லை. நானும் இரண்டு நண்பர்களும் வெளியே நின்றோம். ஆளைப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. உள்ளே கூட்டம் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடியது என்று மறுநாள் படித்தோம்.

அடுத்த நாளும் அவர் பாடுவதாக இருந்தது. கடுமையான தலைவலியால் விழுந்துவிட்டார். நிகழ்ச்சி ரத்தாகி, செப்டம்பர் 1ஆம் தேதிதான் நடந்தது. பாட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவது அவ்வளவு பெரிய மனிதருக்கும் லேசான வேலையாக இல்லை.

எங்கள் கடையில் தமிழ்க் கேசட் மட்டும்தான். அந்த வாரம் எங்கள் கடைக்கே மூன்று பேர் வந்து 'டேஞ்சரஸ்' இருக்கிறதா என்று கேட்டார்கள். முதலாளி சிரித்தார். "பாத்தியா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்த கேசட்டுக்கு இப்ப ஆள் வருது. அவர் பாட வந்தாருன்னு நீ நெனைக்கிற. கேசட் விக்க வந்திருக்காரு."

அன்றைய கணக்கு அது. கச்சேரிக்கு ஆன செலவைக் கேசட்டும் குறுந்தட்டும் ஈடுகட்டும். இன்று எல்லாப் பாட்டும் கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஒரு முறை கேட்டால் பாடியவருக்குப் போய்ச் சேருவது காசுக்கும் குறைவு. அதனால் கணக்கு தலைகீழாகிவிட்டது. அன்று கச்சேரி ஆல்பத்துக்கு விளம்பரம். இன்று ஆல்பம் கச்சேரிக்கு அழைப்பிதழ். ஆனால் இரண்டு காலத்திலும் மாறாத ஒன்று உண்டு. பயணத்துக்குக் காரணம் புதுப் பாட்டு. ரசிகர் புதுப் பாட்டைக் கேட்கத் தயாராக இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர் பெட்டியைக் கட்டுகிறார்.

நம் கச்சேரியில் நடப்பது என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோருக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதில் தவறில்லை. நானே சினிமாப் பாட்டு விற்றுச் சோறு தின்றவன். சினிமாப் பாட்டுக்காகக் கதவைத் தட்டும் வேலையைப் படமே செய்துவிடுகிறது. கதாநாயகன் ஆடுகிறார், கதை ஓடுகிறது, தொலைக்காட்சியில் நாளுக்கு ஏழு முறை வருகிறது. படம் இல்லாத பாட்டுக்கு யார் தட்டுவது? சென்னையிலிருந்து ஒரு பாடகர் வந்தால் அவரிடம் நாம் கேட்பது புது ஆல்பத்தை அல்ல. இருபது வருஷத்துக்கு முந்தைய பாட்டை, அதுவும் ஒலிநாடாவில் இருந்த மாதிரியே பாட வேண்டும். ஒரு சங்கதி கூடப் போட்டாலும் "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்போம்.

ஒரு சோதனை. சித் ஸ்ரீராமைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, அரங்கமே தூக்குகிறது. சென்னையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். 'கடல்' படத்தில் பாடி நமக்கு அறிமுகமானவர். 2019ல் ஓர் ஆல்பம், 2023ல் ஓர் ஆல்பம், இரண்டும் ஆங்கிலத்தில், சொந்தப் பாட்டுகளாகப் போட்டிருக்கிறார். 2024ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் பாடினார். அந்த இரண்டு ஆல்பங்களின் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். ஒன்று... இரண்டு... மூன்று. நடுவரே, உங்கள் கையும் இறங்கிவிட்டது! (சிரிப்பு) முதல் ஆல்பம் 'என்ட்ரபி', இரண்டாவது 'சித்தார்த்'. குரல் நமக்கு வேண்டும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தானாக என்ன சொல்ல விரும்புகிறார் என்பது நமக்கு வேண்டாம்.

2017 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கத்தில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி நடத்தினார். 'நேற்று, இன்று, நாளை' என்று தமிழில் பெயர் வைத்த நிகழ்ச்சி. இந்திப் பாட்டும் பாடினார்கள், தமிழ்ப் பாட்டும் பாடினார்கள். "தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது" என்று சிலர் எழுந்து போனார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். நமக்கெல்லாம் எவ்வளவு கோபம் வந்தது! "தெரியாத பாட்டு என்றால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால்தான் என்ன?" என்று நாமும் எழுதினோம். நானும் எழுதினேன். அந்தக் கேள்வியை என்னைப் பார்த்தே ஒரு பெண் கேட்டாள். அவள் என் மகள்.

பிரியாணி வரிசை

என் மகள் பகலில் அலுவலக வேலை பார்க்கிறாள். பாட்டு இரவு நேரத்தில். நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து மூன்று ஆண்டு பாடுபட்டு எட்டுப் பாட்டு போட்டாள். எல்லாம் சொந்தப் பாட்டு. எங்கள் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியைப் பற்றி ஒரு பாட்டு. தேக்கா சந்தையில் மீன் கடை வைத்திருந்த என் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு. சேமிப்பில் ஒரு பகுதி ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு என்று நாங்கள் எடுத்து வைத்ததிலும் கொஞ்சம் போனது. அதை என் மனைவி இன்றுதான் தெரிந்துகொள்கிறாள். (சிரிப்பு)

ஒரு குடும்ப நாள் நிகழ்ச்சியில் பாட அழைத்தார்கள். எந்த இடம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். "சினிமாப் பாட்டு பத்து பாடும்மா. உன் பாட்டு ஒண்ணு பாடிக்கோ, சாப்பாட்டு நேரத்துல" என்றார்கள். சரி என்றாள். பத்துப் பாட்டுக்கும் கூட்டம் ஆடியது. பிறகு, "இது என் பாட்டியைப் பற்றி நான் எழுதியது" என்று ஆரம்பித்தாள். அதே நேரத்தில் பின்னால் பிரியாணிச் சட்டியைத் திறந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம். இரண்டு நிமிடத்தில் முன்வரிசையில் ஏழு பேர். எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மகள் அவமானப்படுகிறாளே என்று நெஞ்சு பதறியது. ஒரு துண்டுச் சீட்டு எடுத்து ஒரு பழைய சினிமாப் பாட்டின் பெயரை எழுதி, ஒரு பையனிடம் கொடுத்து மேடைக்கு அனுப்பினேன். கீழே பெயர் போடவில்லை. அவள் சீட்டைப் பார்த்தாள். தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தப் பழைய பாட்டைப் பாடினாள். கூட்டம் தட்டோடு திரும்பி வந்து கை தட்டியது. நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டியில் அவள் பேசவே இல்லை. ஃபேரர் பார்க் தாண்டியதும் அந்தச் சீட்டை என் கையில் வைத்தாள். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாப்பா? ரோஜாவுக்குப் பத்து நாள் குடுத்தீங்களே. எங்க பாட்டிக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்கக் கூடாதா?"

நடுவர் அவர்களே, அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அவள் அதன் பிறகு இரண்டு ஆண்டு மேடையில் சொந்தப் பாட்டுப் பாடவில்லை. எந்த அமெரிக்கப் பாடகரும் வந்து அவள் வாய்ப்பைப் பறிக்கவில்லை. பறித்தது இந்தக் கை.

பத்து வாரப் பாடம்

2025 மே மாதம் லேடி காகா சிங்கப்பூர் வந்தார். 'மேஹெம்' என்ற ஆல்பம் அந்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதி வெளியானது. மே மாதம் தேசிய விளையாட்டரங்கத்தில் நான்கு இரவு. என் மகள் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, "1993ல வெளிய நின்னீங்கல்ல, இந்த முறை உள்ள வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாதி புரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். பழைய பாட்டு வந்தபோது கூட்டம் பாடியது, அதில் அதிசயம் இல்லை. புது ஆல்பத்துப் பாட்டு வந்தபோதும் ஒரு வார்த்தை தவறாமல் பாடியது! சில பாட்டுகள் கொஞ்சம் முன்னாலேயே தனியாக வெளிவந்தவையாம். மற்றவை வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தமிழ்ப் பையன். "எப்பத் தம்பி மனப்பாடம் பண்ணினே?" என்றேன். "டிக்கெட் வாங்கியாச்சுல்ல அங்கிள், தினமும் பஸ்ல கேட்டேன். பாட்டுத் தெரியாம வந்தா எப்படி?" என்றான்.

என் முதலாளி பத்து நாள் கேட்டார். அந்தப் பையன் பத்து வாரமே கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பாராட்டுகிறேன். நல்ல ரசிகன் என்றால் அப்படித்தான் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வர வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். அதே பையன் நம் சமூக மன்றத்துக்கு வரும்போது அந்தக் காதை ஏன் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறான்? "உள்ளூர்தானே" என்ற நினைப்புத்தானே?

எதிரணித் தங்கை கேட்டார், "உள்ளூர்ப் பாட்டு தரமாக இருந்தால் நாங்கள் கேட்க மாட்டோமா?" என்று. தங்கச்சி, தரமா இல்லையா என்று தெரிய முதலில் முழுசாகக் கேட்க வேண்டும் அல்லவா? 2006ல் மலேசியாவிலிருந்து யோகி பி குழு 'வல்லவன்' ஆல்பத்தைப் போட்டது. தமிழில் ராப் பாட்டா என்று முகம் சுளித்தவர்கள் பலர். பிறகு தமிழ்ச் சினிமாவே அவரைக் கூப்பிட்டுப் பாட வைத்தது. 2021ல் 'எஞ்சாயி எஞ்சாமி' படமே இல்லாமல் உலகம் சுற்றியது. அதன் அடியில் இருப்பதும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் கதைதான். பாட்டி கதைக்குக் காது கிடைக்கும், கொடுத்தால்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முன்னேறு வாலிபா' தெரியாத சிங்கப்பூர்த் தமிழர் உண்டா? சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் பாடுகிறார்களே! அது எந்தப் படம்? எந்தக் கதாநாயகன் ஆடினார்? அறுபதுகளில் நம் ஊர் எஸ். ஜேசுதாசன் எழுதி இசையமைத்த பாட்டு. அதுவும் ஒரு நாள் புதுப் பாட்டுத்தான். பள்ளிகளில் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். அதனால்தான் இன்று நம் எல்லாருக்கும் சொந்தம். 2005ல் வசந்தம் ஸ்டார் பட்டம் வென்ற ஷபீர், போட்டியில் அடுத்தவர் பாட்டைப் பாடியதோடு நின்றிருந்தால் 'சிங்கை நாடு' நமக்குக் கிடைத்திருக்குமா? இன்றைய பழைய பாட்டு எல்லாமே, யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட புதுப் பாட்டுத்தான். நம் அடுக்குமாடி வீட்டைப் பற்றி, நம் சந்தையைப் பற்றி, நம் பாட்டியைப் பற்றிச் சென்னைக்காரர் எழுத மாட்டார், லேடி காகாவும் எழுத மாட்டார். நம் பிள்ளைகள் எழுதுவதை நாம் கேட்கவில்லை என்றால், 50 வருஷம் கழித்து நமக்கென்று ஒரு பழைய பாட்டு இருக்காது.

மூன்று வேண்டுகோள்

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒன்று. உள்ளூர்ப் பாடகரைக் கூப்பிட்டால் அவருடைய சொந்தப் பாட்டு இரண்டையாவது பாட விடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால்! பிரியாணி பத்து நிமிடம் காத்திருக்கும், ஆறாது.

ரசிகர்களுக்கு ஒன்று. ஓர் உள்ளூர் நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன், அங்கே பாடப்போகிறவரின் புதுப் பாட்டைப் பத்து நாள் கேளுங்கள். பேருந்தில் கேளுங்கள், பாத்திரம் கழுவும்போது கேளுங்கள். பத்து நாளுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா, தாராளமாகச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பை எந்தப் பாடகரும் ஏற்றுக்கொள்வார். கேட்காமலே சொல்லும் தீர்ப்பைத்தான் தாங்க முடியாது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை மேடையில் தன் பாட்டைப் பாடும்போது கூட்டம் கலைந்தால், நீங்கள் கலையாதீர்கள். சீட்டு எழுதாதீர்கள். முன்வரிசையில் எட்டாவது ஆளாகப் போய் உட்காருங்கள்.

அடுத்த மாதம் என் மகள் மறுபடியும் பாடுகிறாள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், ஐம்பது நாற்காலி போட்டு. முதல் பாட்டு அவள் பாட்டி பாட்டு. நான் இப்போது தினமும் அதைக் கேட்கிறேன். இன்று ஆறாவது நாள். நேற்று என் விரல் மேசையில் தாளம் போட்டதை அவளே பார்த்துவிட்டாள்.